நேர முத்திரை சொல்வது மெய்யா?

பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி, பாப்பாரப்பட்டி



“மணி என்ன?” என்று யாராவது கேட்டால், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துச் சட்டென்று சொல்லிவிடுகிறோம். அந்தக் கடிகாரம் காட்டுவது சரிதானா என்று நாம் என்றாவது எண்ணிப் பார்த்ததுண்டா? நானும் எண்ணியதில்லை. சென்ற ஆண்டு எங்கள் குடும்பத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சிதான் என்னை எண்ண வைத்தது.

என் பெரியம்மா மகள் கல்லூரியில் முதலாண்டு படித்துக்கொண்டிருந்தாள். கல்வி உதவித்தொகைக்குக் கணினி வழியாக விண்ணப்பம் அனுப்ப வேண்டும். கடைசி நாள் மாலை 5 மணியோடு முடிகிறது. அன்று பிற்பகல் முழுவதும் மின்சாரம் இல்லை. மின்சாரம் வந்ததும் அக்கா பிரவுசிங் சென்டருக்கு ஓடினாள். நானும் உடன் சென்றேன். எல்லாவற்றையும் நிரப்பி அனுப்பும் பொத்தானை அழுத்தியபோது, கணினியின் மூலையில் மணி 4.58 என்று இருந்தது. ஆனால் திரையில் வந்த பதில், “விண்ணப்பிக்கும் நேரம் முடிந்துவிட்டது” என்பதுதான்! “இன்னும் இரண்டு நிமிடம் இருக்கிறதே!” என்று அக்கா அழுதுவிட்டாள். கடைக்கார அண்ணனுக்கும் ஒன்றும் புரியவில்லை. அந்த ஆண்டுக் கட்டணத்துக்குப் பெரியப்பா கடன் வாங்க வேண்டியதாயிற்று.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஓசூரிலிருந்து சித்தப்பா வந்தார். ஒரு தொழிற்சாலையின் கணினி வலைப்பின்னலைக் கவனிப்பது அவர் வேலை. “நேரத்தில் ஏதோ கோளாறு இருக்கிறது கண்ணு, வா, போய்ப் பார்க்கலாம்” என்று என்னையும் அக்காவையும் அந்தக் கடைக்கு அழைத்துப் போனார். அங்கே கண்டதையும், பின்னர் எங்கள் கணினி ஆசிரியையிடம் கேட்டும் நூலகத்தில் படித்தும் அறிந்ததையும் இங்கே எழுதுகிறேன்.

பொட்டலங்களும் அவற்றின் பதிவேடும்

கம்பியில் செய்தி, குழாயில் தண்ணீர் வருவதுபோல் ஒரே ஓட்டமாக வருவதில்லை. அது சிறு சிறு துண்டுகளாக வெட்டப்பட்டு வருகிறது. இவற்றைப் பாக்கெட் என்கிறார்கள். நாம் பொட்டலம் என்றே சொல்வோம். ஒரு பொட்டலத்தில் சாதாரணமாக 1,500 பைட்டுக்கு மேல் இராது. ஆகவே 30 லட்சம் பைட் அளவுள்ள ஒரு புகைப்படத்தை அனுப்பினால், அது ஏறத்தாழ 2,000 பொட்டலங்களாகப் பிரிந்து போகிறது.

இப்படிப் போகும், வரும் பொட்டலங்களை ஒன்றுவிடாமல் குறித்து வைக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. 1988ஆம் ஆண்டு அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் பிறந்த ‘டிசிபி டம்ப்’ இவற்றுள் மூத்தது. 1998இல் ‘ஈதீரியல்’ என்ற பெயரில் வெளிவந்து, 2006 முதல் ‘வயர்ஷார்க்’ என்று வழங்கும் மென்பொருள் இன்று பலரும் பயன்படுத்துவது. மருத்துவர் ஸ்டெதாஸ்கோப் வைத்து நெஞ்சின் ஓசையைக் கேட்பதுபோல், பொறியாளர்கள் இவற்றைக் கொண்டு வலைப்பின்னலின் நாடியைப் பார்க்கிறார்கள். பதிவேட்டின் ஒவ்வொரு வரியிலும் அந்தப் பொட்டலம் வந்த நேரம் எழுதப்படும். இதுவே நேர முத்திரை.

தாமதம் எங்கே நேர்ந்தது? எந்தச் செய்தி முன்னே வந்தது? திருடன் எப்போது உள்ளே புகுந்தான்? இக்கேள்விகளுக்கெல்லாம் விடை அந்த முத்திரையில்தான் இருக்கிறது. முத்திரை தவறானால் விடையும் தவறாகும் அன்றோ?

ஆறு இலக்கம் இருந்தும் பயனில்லை

சித்தப்பா கடைக் கணினியில் வயர்ஷார்க்கை ஓடவிட்டார். வரிகள் சரசரவென்று ஏறின. ஒரு வரியைச் சுட்டிக்காட்டிப் படிக்கச் சொன்னார். 11 மணி, 20 நிமிடம், 7.483915 விநாடி என்று படித்தேன். புள்ளிக்குப் பின்னால் ஆறு இலக்கம்! அதாவது விநாடியைப் பத்து லட்சமாகப் பகுத்து, அதில் ஒரு பங்கு வரை எழுதியிருக்கிறது. அந்த ஒரு பங்கை மைக்ரோ விநாடி என்பர். “அடேயப்பா, எவ்வளவு சரியான கணக்கு!” என்று வியந்தேன்.

சித்தப்பா சிரித்துக்கொண்டே தம் கைபேசியை நீட்டினார். அதில் மணி 11.22.47. கடைக் கணினி 2 நிமிடம் 40 விநாடி பின்தங்கியிருந்தது! பத்து லட்சத்தில் ஒரு பங்கு வரை எழுதியிருந்தும் நிமிடமே தப்பு. அக்கா பொத்தானை அழுத்திய 4.58 உண்மையில் 5 மணியைத் தாண்டிய நேரம். அவள் முகம் வாடிவிட்டது.

அங்கேதான் இரண்டு சொற்களின் வேறுபாட்டை நான் கற்றேன். எவ்வளவு சிறிய அளவு வரை எழுத முடியும் என்பது நுண்மை. எழுதியது உண்மைக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பது துல்லியம். நகைக்கடைத் தராசு மில்லிகிராம் வரை காட்டலாம். அது நுண்மை. ஆனால் தட்டின் அடியில் மெழுகு ஒட்டியிருந்தால் அது காட்டும் எடை துல்லியமாகுமா?

அப்படியானால் அந்தப் பதிவேடு முழுவதும் வீணா? இல்லை. ஒரு கேள்வி புறப்பட்டதற்கும் அதற்குப் பதில் வந்ததற்கும் இடையே 38 மில்லி விநாடி என்று பதிவு காட்டியது. இந்த இடைவெளி ஏறத்தாழ மெய்யே. இரண்டு முத்திரையையும் குத்தியது ஒரே கடிகாரம்; இரண்டிலும் ஒரே பிழை; கழிக்கும்போது பிழை போய்விடுகிறது. முதல் அங்குலம் கிழிந்துபோன தையல் டேப்பை வைத்து அம்மா ஜாக்கெட்டுத் துணி அளப்பதில்லையா? 5ஆம் அங்குலத்திலிருந்து 20ஆம் அங்குலம் வரை என்றால் 15 அங்குலம்தானே!

இரண்டு கணினிகளின் பதிவுகளை ஒப்பிடும்போதுதான் வினோதம் நேர்கிறது. சித்தப்பா தம் மடிக்கணினியிலிருந்து கடைக் கணினிக்கு ஒரு சிறு கேள்வியை அனுப்பி, இரண்டிலும் பதிவு செய்து காட்டினார். மடிக்கணினி கேள்வி கேட்ட நேரம் 11.40.10. கடைக் கணினி அதற்குப் பதில் சொன்ன நேரமோ 11.37.30! கேள்வி பிறப்பதற்கு முன்பே விடை பிறந்துவிட்டது. பிள்ளை பிறக்குமுன் பெயர் வைத்த கதையாக இருக்கிறதல்லவா?

கடிகாரம் ஏன் பின்தங்குகிறது?

கைக்கடிகாரத்திலும் கணினியிலும் குவார்ட்ஸ் படிகம் ஒன்று உண்டு. கைக்கடிகாரத்தில் அது ஒரு விநாடிக்கு 32,768 முறை அதிரும்படி வெட்டப்பட்டிருக்கிறது. அந்த அதிர்வுகளை எண்ணித்தான் கடிகாரம் விநாடியை அறிகிறது. ஆனால் வெப்பம் மாறினாலும் படிகம் பழையதானாலும் அதிர்வு சிறிது மாறும். பத்து லட்சத்துக்கு 20 என்ற அளவில் மாறினாலே ஒரு நாளில் 1.7 விநாடி தவறும். ஒரு மாதத்தில் 50 விநாடிக்கு மேல் போய்விடும். கடைக் கணினியிலோ, அணைத்திருக்கும்போது கடிகாரத்தை ஓட்டும் பொத்தான் பேட்டரி தளர்ந்திருந்தது. நேரத்தைத் தானே திருத்திக்கொள்ளும் வசதியையும் யாரோ நிறுத்தி வைத்திருந்தார்கள்.

யாருடைய கடிகாரம் சரி?

“கடைக் கடிகாரம் தப்பு, உங்கள் கைபேசி சரி என்று எப்படிச் சொல்கிறீர்கள், சித்தப்பா?” என்று கேட்டேன். “நல்ல கேள்வி பாப்பா” என்றார். இக்கேள்வி நம் நாட்டில் நூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுந்த கேள்வி.

சூரியன் உச்சிக்கு வரும்போது நண்பகல் என்று கொண்டால் ஊருக்கு ஒரு நேரம் இருக்கும். அக்காலத்தில் பம்பாய்க்கு ஒரு நேரம், சென்னைக்கு ஒரு நேரம், கல்கத்தாவுக்கு ஒரு நேரம். சென்னையில் 12 மணி என்றால் பம்பாயில் 11.30, கல்கத்தாவில் 12.32. ரயில் ஓடத் தொடங்கியதும் இதனால் பெரும் குழப்பம். எனவே ரயில்வேக்குச் சென்னை நேரத்தையே பொது நேரமாகக் கொண்டனர். நுங்கம்பாக்கத்தில் 1792இல் அமைந்த சென்னை வானாய்வகம் விண்மீன்களைப் பார்த்து நேரத்தைக் கணித்தது. அந்த நேரம் தந்தி வழியே ரயில் நிலையங்களுக்குப் போயிற்று. பிறகு 1906 ஜனவரி 1 முதல், கிழக்கு 82½ பாகைத் தீர்க்க ரேகையை ஒட்டிய இந்தியப் பொது நேரம் வந்தது. அது கிரீன்விச் நேரத்துக்கு ஐந்தரை மணி முந்தியது. பழைய சென்னை நேரத்துக்கு ஏறத்தாழ 9 நிமிடம் முந்தியது.

நம் பாப்பாரப்பட்டி அந்த ரேகைக்கு மேற்கே இருக்கிறது. எனவே நம் ஊரில் சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாக 12 மணி 18 நிமிட அளவில்தான். ஆயினும் நாம் “எங்கள் ஊருக்குத் தனி நேரம் வேண்டும்” என்று கேட்பதில்லை. பள்ளியில் ஆயா அடிக்கும் மணியை நினைத்துப் பாருங்கள். நம் கைக்கடிகாரங்கள் பலவாறு காட்டினாலும், மணி அடித்தால் வகுப்பு முடிந்தது. எல்லாரும் ஒன்றை ஒப்புக்கொண்டதால் சண்டையில்லை.

இன்று இந்தியாவுக்கு அந்த மணியை அடிப்பது புதுதில்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம். அங்கே சீசியம் அணுக் கடிகாரங்கள் இருக்கின்றன. சீசியம் அணு வெளியிடும் ஒரு குறிப்பிட்ட அலை 919 கோடியே 26 லட்சத்து 31 ஆயிரத்து 770 முறை அதிரும் காலமே ஒரு விநாடி என்று 1967இல் உலக நாடுகள் வரையறுத்தன.

தில்லி நேரம் நம் ஊருக்கு வருவது எப்படி?

தில்லியிலிருந்து “இப்போது மணி 10” என்று செய்தி புறப்பட்டால், அது இங்கே வந்து சேர்வதற்குள் மணி பத்தைக் கடந்துவிடுமே! இதற்கு அமெரிக்கப் பேராசிரியர் டேவிட் மில்ஸ் கண்ட வழி, 1985இல் வெளியான என்.டி.பி. என்னும் நேரம் ஒத்திசைக்கும் முறை. அதைச் சித்தப்பா பேருந்துக் கணக்காகச் சொன்னார்.

என் கைக்கடிகாரத்தில் 9 மணிக்குப் பாப்பாரப்பட்டியில் பேருந்து ஏறுகிறேன். தருமபுரியில் இறங்கும்போது அங்குள்ள கடிகாரத்தில் 9.50. அங்கே பத்து நிமிடம் நின்று, அதே கடிகாரத்தில் 10 மணிக்குத் திரும்புகிறேன். ஊர் வந்து சேரும்போது என் கடிகாரத்தில் 10.30. என் கணக்கில் மொத்தம் 90 நிமிடம். நின்ற 10 போக, பயணம் 80 நிமிடம். போக 40, வர 40. அப்படியானால் நான் தருமபுரியை அடைந்தபோது என் கடிகாரத்தில் 9.40 இருந்திருக்கும். அங்கே 9.50. ஆகவே என் கடிகாரம் 10 நிமிடம் மெதுவாக ஓடுகிறது! கணினியும் இவ்வாறே நான்கு முத்திரைகளைக் கொண்டு தன் பிழையை அறிந்து திருத்திக்கொள்கிறது.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. போகும் நேரமும் வரும் நேரமும் சமமாக இருக்க வேண்டும். போகும்போது 30 நிமிடமும், வரும்போது கூட்டத்தில் சிக்கி 50 நிமிடமும் ஆகியிருந்தால் என் விடையில் 10 நிமிடம் பிழை. இணையத்திலும் போகும் பாதையும் வரும் பாதையும் சமமாக இருப்பதில்லை. அதனால்தான் இணையம் வழியே திருத்திய கடிகாரத்தில் சில மில்லி விநாடியோ, சில வேளைகளில் பத்து இருபது மில்லி விநாடியோ பிழை எஞ்சுகிறது. விண்ணப்பம் அனுப்ப இது தாராளமாகப் போதும். வேகமான வலைப்பின்னலை ஆராய்வோருக்கோ இது போதாது.

முத்திரை எங்கே குத்தப்படுகிறது?

கடிகாரம் சரியாக இருந்தாலும் முத்திரை தவறலாம். எப்படி? சனிக்கிழமை மாலை, தபால் எடுத்துப் போனபின் ஒரு கடிதத்தைப் பெட்டியில் போடுகிறோம். திங்கட்கிழமை அதை எடுத்து அஞ்சலகத்தில் முத்திரை குத்துகிறார்கள். முத்திரையில் திங்கட்கிழமைத் தேதி. முத்திரை பொய் சொல்லவில்லை. அது குத்திய நேரத்தைச் சொல்கிறது. போட்ட நேரம் என்று படித்தது நம் பிழை.

கணினியிலும் இதே கதைதான். பொட்டலம் முதலில் நெட்வொர்க் கார்டுக்கு வருகிறது. கார்டு பிராசஸரைக் கூப்பிடுகிறது. அது கைவேலையை நிறுத்திவிட்டு வந்து பொட்டலத்தை வாங்கும்போதுதான் சாதாரணமாக முத்திரை குத்தப்படுகிறது. ஒவ்வொரு பொட்டலத்துக்கும் கூப்பிட்டால் பிராசஸருக்கு வேறு வேலையே ஓடாது. ஆகவே பல கார்டுகள், தபால் பெட்டியைப் போல, சில பொட்டலங்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு ஒரே முறை கூப்பிடுகின்றன. கம்பியில் சீரான இடைவெளியில் வந்தவை, பதிவேட்டில் கும்பல் கும்பலாக வந்தவைபோல் தோன்றுகின்றன. இதனால் பல பத்து மைக்ரோ விநாடிகள் தவறிவிடும்.

இது பெரிய தவறா என்று கேட்கலாம். விநாடிக்கு 100 கோடி பிட் செல்லும் கம்பியில், மிகச் சிறிய பொட்டலங்கள் 0.672 மைக்ரோ விநாடிக்கு ஒன்றாக வர முடியும். அதாவது ஒரு விநாடியில் 14 லட்சத்து 88 ஆயிரம்! அங்கே மைக்ரோ விநாடி முத்திரையே போதாது. இரண்டு பொட்டலங்களுக்கு ஒரே நேரம் விழுந்துவிடும். எது முந்தியது என்று யாரால் சொல்ல முடியும்?

இதற்கு வழி, முத்திரையை வாசலிலேயே குத்துவது. சில கார்டுகளில் தனிக் கடிகாரம் உண்டு. பொட்டலம் உள்ளே நுழையும் கணத்திலேயே கார்டு நேரத்தைக் குறித்துவிடும். மைக்ரோ விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கான நானோ விநாடிக் கணக்கில் எழுதும் கார்டுகளும் உள்ளன. அந்தக் கார்டுக் கடிகாரங்களை ஒன்றோடொன்று ஒத்திசைக்க, ஐ.இ.இ.இ. என்னும் பொறியாளர் அமைப்பு 1588 என்ற எண்ணுள்ள தரமுறையை 2002இல் வெளியிட்டது. அதனால் மைக்ரோ விநாடிக்கும் குறைவான பிழையில் கடிகாரங்களை ஒத்து ஓடச் செய்யலாம்.

ஒளியை முந்திய துகள்!

முத்திரைப் பிழை அறிவியல் உலகையே ஒரு முறை திகைக்க வைத்தது. ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்திலிருந்து 730 கிலோமீட்டர் தொலைவில் உள்ள இத்தாலியின் கிரான் சாசோ ஆய்வகத்துக்கு நியூட்ரினோ என்னும் துகள்களை அனுப்பி, ‘ஓபெரா’ குழுவினர் நேரம் அளந்தனர். அவை ஒளி வந்து சேரவேண்டிய நேரத்துக்கு 60 நானோ விநாடி முன்னதாகவே வந்ததாக 2011 செப்டம்பரில் அறிவித்தனர். ஐன்ஸ்டைன் சொன்னது தவறா என்று உலகமே கேட்டது. 2012 தொடக்கத்தில் உண்மை வெளிப்பட்டது. ஜி.பி.எஸ். நேரத்தைக் கடிகாரத்துக்குக் கொண்டுவந்த கண்ணாடியிழைக் கம்பி ஒன்று சரியாகப் பொருத்தப்படவில்லை! அதே ஆண்டு மீண்டும் அளந்தபோது, நியூட்ரினோ ஒளியை முந்தவில்லை என்பது உறுதியாயிற்று. எத்தனை பெரிய அறிஞரானாலும் கடிகாரக் கம்பியையும் சோதித்துப் பார்க்கத்தான் வேண்டும்.

நம் நாட்டு அரசும் இதை உணர்ந்திருக்கிறது. கணினிக் குற்றங்களைக் கவனிக்கும் ‘செர்ட்-இன்’ அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று ஓர் ஆணை பிறப்பித்தது. நிறுவனங்கள் தம் கணினிக் கடிகாரங்களைத் தேசிய தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு ஒத்திசைக்க வேண்டும். கணினிப் பதிவேடுகளை 180 நாள் காத்து வைக்க வேண்டும் என்றது. ஒரு திருடன் ஐந்து கணினிகளின் வழியே நுழைந்தான் என்று வைத்துக்கொள்வோம். ஐந்தும் ஐந்து நேரம் காட்டினால், அவன் எதில் முதலில் புகுந்தான் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முடிவுரை

ஆகவே தோழியரே, ஒரு நேர முத்திரையைக் கண்டால் மூன்று கேள்விகள் கேட்போம். இது யாருடைய கடிகாரம்? முத்திரை எந்த இடத்தில் குத்தப்பட்டது? இதில் எவ்வளவு பிழை இருக்கலாம்? இவற்றுக்கு விடை தெரிந்த பின்னரே அதைச் சாட்சியாகக் கொள்ள வேண்டும்.

அக்காவின் வழக்கில் இம்மூன்று கேள்விகளையும் கேட்டுப் பார்த்தோம். பிழை கடைக் கணினியுடையது. விண்ணப்பத்தை வாங்கியவர்கள் மேல் குற்றம் சொல்ல வழியில்லை. ஆயினும் எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு. எந்தக் கடிகாரத்தைக் கொண்டு கதவை மூடுகிறார்களோ, அந்தக் கடிகாரத்தை விண்ணப்பப் பக்கத்திலேயே காட்டினால் என்ன? தேர்வு அறையில் எல்லாரும் பார்க்கும்படி ஒரே கடிகாரம் மாட்டுவதில்லையா? கிராமத்திலிருந்து கடைக் கணினியை நம்பி வரும் பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய உதவி!

கடைக்கார அண்ணன் அன்றே புதிய பேட்டரி போட்டு, நேரம் தானே திருந்தும்படி செய்துவிட்டார். “உன் தங்கச்சி இனிமேல் என் கடையில் மணி கேட்டால் தைரியமாகச் சொல்வேன்” என்று அக்காவிடம் சிரித்தார். அக்கா இந்த ஆண்டு கடைசி நாளுக்கு நான்கு நாள் முன்னதாகவே விண்ணப்பித்துவிட்டாள். அனுப்பும் முன் கைபேசியையும் கணினியையும் ஒரு முறை ஒத்துப் பார்த்தாள். நான்கு நாள் இருக்கும்போது எதற்கு என்று கேட்டேன். “இருக்கட்டும்டி, ஒரு தடவை அழுதது போதும்” என்றாள்.